மாங்கூழ் ஆலை அலுவலகத்துக்கு சர்வர்: 3 லட்சத்து 40 ஆயிரம் போடுவதற்கு முன்னால்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. காவேரிப்பட்டணம் பக்கம் உங்கள் மாமாவின் மாங்கூழ் ஆலை. அலுவலகத்தில் 9 கணினி, கேட் ஓரம் எடைமேடை அறையில் இன்னொன்று. டேலி கணக்கு மென்பொருளின் தரவு, கொள்முதல் எக்செல், ஸ்கேன் செய்த பில் எல்லாமே கணக்காளரின் கணினியில் கிடக்க, மற்றவர்கள் ஷேர் வழியாக அதையே திறக்கிறார்கள். சீசன் வந்தால் டேலி திக்கித் திணறுகிறது. பெங்களூர்க் கடைக்காரர் ஒருவர் ரேக் சர்வர் (இரும்புச் சட்டத்தில் அடுக்கும் வகை), விண்டோஸ் சர்வர் லைசென்ஸ், ஃபயர்வால் (இணையத்திலிருந்து வருவதை வடிகட்டும் பெட்டி) எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 40 ஆயிரத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு லினக்ஸ் கொஞ்சம் தெரியும். வாங்கலாமா, நீங்களே போடலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, அவர் எழுதியதெல்லாம் நல்ல பொருள்தான். ஆனால் அந்தக் கொட்டேஷனில் கேபிள் இல்லை, யூபிஎஸ் இல்லை, பேக்கப் இல்லை. இந்த மூன்றும் இல்லாமல் 3 லட்சத்துப் பெட்டியை வைத்தால், கணக்காளரின் கணினியில் இன்று இருக்கிற அதே தொல்லை நாளைக்கு விலை உயர்ந்த இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு பக்கமும் இந்த வேலைக்காகவே அலைகிறவன் நான், சர்வர் என்ற பெட்டி தானாகக் கெட்டுப்போய்க் கூப்பிட்டவர்கள் குறைவு. கரண்ட், கேபிள், யாரோ ஒருவர் தெரியாமல் அழித்தது, இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் ஓட வேண்டியிருக்கும்.

முதலில் கேபிள். டேலி திணறுவதற்குச் சர்வர் இல்லாததுதான் காரணம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? தருமபுரியில் ஓர் அலுவலகத்தில் இதே புகார், புது சர்வர் வரைக்கும் போய்விட்டார்கள், வேகம் ஒரு துளி கூடவில்லை. போய்ப் பார்த்தால், கணினிக் கேபிள்களெல்லாம் வந்து சேர்கிற ஸ்விட்ச் பெட்டியிலிருந்து சர்வருக்குப் போகும் கேபிளின் பிளக்கில் ஒரு ஜோடிக் கம்பி சரியாக உட்காரவில்லை. கேபிளுக்குள் நான்கு ஜோடி இருக்கிறது அல்லவா, 100 எம்பிபிஎஸ் ஓட இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) நான்கும் வேண்டும். ஒன்று விட்டுப்போனால் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், விளக்கும் பச்சையாகவே மினுக்கும். ஆகவே ஐபெர்ஃப் என்ற இலவச நிரலை இரண்டு கணினியில் போட்டு ஒவ்வொரு கேபிளையும் அளந்து பாருங்கள். 940 எம்பிபிஎஸ் பக்கம் வந்தால் நலம், 94 பக்கம் வந்தால் பிளக்கை வெட்டி மறுபடி கிரிம்ப் பண்ணுங்கள். கேபிள் வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சுப் போட்ட மலிவுச் சுருள்கள் நிறைய ஓடுகின்றன, தூக்கினாலே எடை குறைவாக இருக்கும், வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கேட்6 வகைக் கேபிள், 16 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று, உங்கள் 10 கணினிக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

எடைமேடைதான் உங்கள் ஆலையில் கவனிக்க வேண்டிய இடம். அலுவலகத்திலிருந்து சுமார் 150 மீட்டர் என்கிறீர்கள். செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு எல்லை 100 மீட்டர். நடுவில் ஒரு ஸ்விட்சை வைத்து நீட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், வேலையும் செய்யும், முதல் கோடை மழை வரைக்கும். சித்திரையில் நம் பக்கம் இடி எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். திறந்தவெளியில் 150 மீட்டர் செம்புக் கம்பி இழுத்து வைத்தால் பக்கத்தில் எங்கோ விழுந்த இடிகூட அந்தக் கம்பி வழியாக உள்ளே வந்து ஸ்விட்ச், எடைமேடைக் கணினி, சமயத்தில் சர்வரின் போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனியாக இருப்பது இன்னும் மோசம். அங்கே ஃபைபர் இழுங்கள். சிங்கிள் மோட் ஃபைபர், இரு முனையிலும் ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் ஒரு மீடியா கன்வெர்ட்டர், முடிந்தது. ஊரில் கேபிள் டிவி, பிராட்பேண்ட் வேலை பார்க்கிற தம்பிகளிடம் இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் இருக்கும், அரை நாள் வேலை. ஒரு சின்ன விஷயம், அவர்கள் கொண்டுவரும் டிராப் கேபிளில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பியும் கூடவே ஓடும். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது, இரும்பில் போகும். அந்தக் கம்பியைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டிக் கட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எடைச் சீட்டு போடும் மென்பொருளை சர்வரை நம்பி ஓட விடாதீர்கள். எடைமேடை இண்டிகேட்டர் எப்படியும் சீரியல் கேபிள் வழியாக அந்தக் கணினிக்குத்தான் எடையைத் தருகிறது, சீட்டும் அங்கேயே பதிவாகட்டும், 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் பிரதி சர்வருக்குப் போனால் போதும். ஜூன் மாதம் பெங்களூரா மாங்காய் லோடு வரிசையாக நிற்கும்போது நெட்வொர்க் ஒரு மணி நேரம் படுத்தாலும் கேட் நிற்கக் கூடாது. இதை மறந்து எல்லாவற்றையும் சர்வரில் கட்டிய ஓர் இடத்தில் சாலை வரைக்கும் லாரி நின்றதைப் பார்த்திருக்கிறேன், டிரைவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அடுத்தது கரண்ட். ஆலையில் பெரிய மோட்டார் ஒன்று கிளம்பும்போது அலுவலகத்து விளக்கு ஒரு கணம் மங்குகிறதா? மங்கினால் அந்த லைனில் சர்வரை நேரடியாக மாட்டக் கூடாது. எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியைக் கவனித்த பிறகுதான் மற்றது. சர்வர், ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் மோடம் எல்லாம் சேர்ந்தே 120, 150 வாட்டைத் தாண்டாது, 1 கேவிஏ யூபிஎஸ் தாராளம். ஜெனரேட்டர் இருக்கிற இடம் என்பதால் மணிக்கணக்கில் பேட்டரி தேவையில்லை, ஜெனரேட்டர் எடுக்கிற வரை ஓடினால் சரி. ஆனால் ஜெனரேட்டரும் எடுக்காத நாள் ஒன்று வரும். அதற்காகத்தான் யூபிஎஸ் பெட்டிக்குள் ஒரு யூஎஸ்பி கேபிள் கொடுத்திருப்பார்கள், அதை எல்லோரும் பெட்டியோடு பரணில் போட்டுவிடுவார்கள். அதை சர்வரில் மாட்டி, லினக்ஸ் என்றால் என்யூடி என்ற நிரலைப் போட்டு, பேட்டரி பாதிக்குக் கீழே போனதும் சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்கிற மாதிரி அமைத்துவிடுங்கள். அதோடு கணினி கிளம்பும்போது திறக்கிற பயாஸ் மெனுவில், கரண்ட் திரும்பி வந்ததும் தானே கிளம்பும் அமைப்பையும் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பட்டனை அமுக்குவதற்காக நீங்கள் பைக்கை எடுக்க வேண்டிவரும். பேட்டரியை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாய்லர் நீராவி வராத, கேட் புழுதி வராத சுவர். மாங்கூழ் ஆலை என்பதால் எறும்பும். சிரிக்காதீர்கள், இனிப்பு ஒட்டிய கையோடு தொடுகிற இடத்தில் எறும்பு வரும், கதகதப்பான பவர் சப்ளை அதற்கு நல்ல வீடு. தரையில் வைக்காமல் சுவரில் ஒரு சின்ன ரேக் பெட்டி அடித்து, எலி கேபிள் கடிக்காமல் பைப்புக்குள் விட்டு, பூட்டிச் சாவியை மாமாவிடம் கொடுங்கள்.

இப்போது பெட்டி. ரேக் சர்வர் உங்கள் அலுவலகத்துக்கு ஆகாது. அதன் விசிறிச் சத்தத்தில் கணக்காளர் போன் பேச முடியாது. சின்ன டவர் சர்வர், அதுவும் இல்லாவிட்டால் நல்ல கம்பெனி டெஸ்க்டாப் ஒன்று, 16 ஜிபி நினைவகம், இயங்குதளத்துக்கு ஒரு எஸ்எஸ்டி, தரவுக்கு ஒரே அளவில் இரண்டு டிஸ்க் ரெய்டு 1-ல், அதாவது ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும். தரவு டிஸ்க் சுழலும் வகை என்றால் சிஎம்ஆர் வகையா என்று கேட்டு வாங்குங்கள், எஸ்எம்ஆர் வகை டிஸ்குகள் ரெய்டைத் திரும்பக் கட்டும்போது நாள் கணக்கில் இழுக்கும். டேலி ஃபோல்டர் மட்டும் எஸ்எஸ்டி ஜோடியில் இருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் டேலி சின்னச் சின்னதாக ஆயிரம் இடத்தில் படிக்கும், எழுதும்.

விண்டோஸா லினக்ஸா என்றால், நான் கேட்கிற எதிர்க்கேள்வி ஒன்றுதான்: ஜூன் மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு நின்றுபோனால் யார் வந்து எழுப்புவது? நீங்கள் என்றால் டெபியன் என்ற லினக்ஸும், விண்டோஸ் கணினிகளுக்கு ஃபோல்டர் பகிரும் சாம்பாவும் போடுங்கள், லைசென்ஸ் செலவே இல்லை. நீங்கள் நாளைக்கு வேலைக்காக ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுவீர்கள், உள்ளூரில் விண்டோஸ் மட்டும் தெரிந்த ஒரு பையன்தான் வருவான் என்றால் காசு போனாலும் விண்டோஸ் சர்வரே நல்லது, பயனர் லைசென்ஸ் கணக்கை மட்டும் கடைக்காரரிடம் தெளிவாகக் கேளுங்கள். சாதாரண விண்டோஸ் 10, 11 கணினியையே சர்வராக வைக்கலாமே என்றால், அதில் ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரை அனுமதி உண்டு, எண்ணிக்கையில் உங்களுக்குப் போதும். ஆனால் அது நினைத்த நேரத்தில் அப்டேட் போட்டுத் தானே மறுபடி கிளம்புகிற குணமுள்ளது. சாம்பா சோதித்துப் பார்க்காத புதுச் சரக்கு இல்லை, 1992-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் ஆரம்பித்து வைத்தது, உலகம் முழுக்க ஓடுகிறது. பின்னால் பேக்கப்புக்குச் சொல்லப்போகும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலும் அவர் கை பட்டதுதான்.

நீங்கள் டெபியன் போடுவதாகவே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். வரைகலைத் திரை எதுவும் வேண்டாம், வெறும் அடிப்படை அமைப்பு, தூரத்திலிருந்து நுழைய எஸ்எஸ்எச், சாம்பா, நேரத்தைச் சரியாக வைக்க க்ரோனி, என்யூடி, இவ்வளவே போதும். பாதுகாப்பு அப்டேட் மட்டும் தானாக ஏறட்டும்.

ஐபி முகவரியில் எல்லோரும் செய்கிற தவறு, பிராட்பேண்ட்காரர் வைத்துவிட்டுப் போன 192.168.1 வரிசையை அப்படியே விடுவது. மாமா வீட்டு ரவுட்டரிலும் பெரும்பாலும் அதே வரிசைதான் இருக்கும். பின்னால் ஒருநாள் வீட்டிலிருந்து விபிஎன் (இணையம் வழியாகப் பாதுகாப்பான தனிப்பாதை) போட்டு டேலி பார்க்க வேண்டும் என்பார், அப்போது 192.168.1.10 என்றால் வீட்டு பிரிண்டரா ஆலை சர்வரா என்று கணினிக்கே தெரியாது. இப்போதே 10.47.5 மாதிரி யாரும் வைக்காத ஒரு வரிசைக்கு மாற்றுங்கள். ரவுட்டருக்கு 1, சர்வருக்கு 10, பிரிண்டர்களுக்கு 20-லிருந்து, கணினிகளுக்கு முகவரி ஒதுக்கும் டிஎச்சிபி தானாகக் கொடுப்பது 100 முதல் 199 வரை. பிரிண்டருக்கு அதன் மெனுவில் போய் முகவரி அடிப்பதைவிட ரவுட்டரிலேயே அதன் மேக் முகவரிக்கு (கருவியோடு வரும் அடையாள எண்) நிரந்தரமாக ஒதுக்கிவிடுவது மேல், பிரிண்டரை யாராவது ரீசெட் செய்தாலும் அதே முகவரி திரும்பி வரும். டிஎச்சிபி கொடுப்பவர் நெட்வொர்க்கில் ஒருவர்தான் இருக்கலாம். ஓர் அலுவலகத்தில் வைஃபை எட்டவில்லை என்று யாரோ வீட்டிலிருந்து பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து செருகிவிட்டார்கள். அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பித்தது, பாதிப் பேருக்கு நெட் இருக்கும், பாதிப் பேருக்கு இருக்காது, மறுநாள் ஆள் மாறும். கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது, பீரோவுக்குப் பின்னால் இருந்தது அந்த ரவுட்டர்.

சாம்பாவில் ஃபோல்டர்களை ஆட்களின் பேரில் பிரிக்காமல் வேலையின் பேரில் பிரியுங்கள்: கணக்கு, கொள்முதல், எடைச்சீட்டு, பொது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு, ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பயனர் பெயர், தனிக் கடவுச்சொல். கடவுச்சொல் இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று நினைத்தால் இனி அது நடக்கவும் நடக்காது, விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து விருந்தாளி நுழைவை விண்டோஸே மறுக்கிறது, கையொப்பமிட்ட இணைப்பையும் கேட்கிறது. புதுக் கணினி வாங்கியதும் "சர்வர் வேலை செய்யவில்லை" என்று வரும் போன்களில் நிறைய இதனால்தான்.

நெட்வொர்க் வழியாக அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது என்பது பலருக்குத் தெரியாது, அழித்தால் போய்விட்டது. சாம்பாவில் ரீசைக்கிள் என்றே ஒரு இணைப்பு நிரல் இருக்கிறது, அதைப் போட்டால் அழித்தவை ஒரு மறைவு ஃபோல்டரில் சேரும், 30 நாள் ஆனதும் துடைத்துவிடுகிற மாதிரி குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

டேலி ஃபோல்டருக்கு மட்டும் ஆப்லாக் என்ற வசதியை நிறுத்திவிடுங்கள். ஒரு கோப்பை ஒருவர்தான் திறந்திருக்கிறார் என்று தெரிந்தால் அவர் கணினியே அதைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்து எழுதிக்கொள்ள அனுமதிப்பது அது. வேர்டு, எக்செல் கோப்புக்கு வேகம் தரும், பல பேர் ஒரே தரவைத் திறக்கிற கணக்கு மென்பொருளில் நடுவில் இணைப்பு அறுந்தால் பாதி எழுதிய தரவு அந்தரத்தில் நிற்கும். அதே காரணத்துக்காக வைஃபை லேப்டாப்பில் டேலியைத் திறக்காதீர்கள், கேபிள் போட்டு மட்டும். அப்படியும் பத்துப் பேரின் சுமையில் திணறினால் டேலிபிரைம் சர்வர் என்று அவர்களே தனியாக ஒன்று விற்கிறார்கள், அதை அப்புறம் யோசிக்கலாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்களா உங்கள் அலுவலகத்தில்? என் அனுபவத்தில் கொள்முதல் பிரிவில் கட்டாயம் ஒருவர் இருப்பார், "போச்சம்பள்ளி விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணம் இரண்டாம் தவணை கடைசியாகத் திருத்தியது புதியது" என்கிற மாதிரி ஒரு பெயர். விண்டோஸில் ஒன்றும் ஆகாது, லினக்ஸ் சர்வருக்கு நகர்த்தும்போது பெயர் நீளம் என்று பிழை வரும். எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பில் பெயருக்கு 255 பைட் எல்லை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று. "கொ" என்பது க ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ஆக ஆறு பைட். மொத்தம் 85 குறிதான் பிடிக்கும், நம் எழுத்துக் கணக்கில் 50 எழுத்துப் பக்கம் வந்தாலே இடிக்க ஆரம்பிக்கும். தரவை மாற்றுவதற்கு முந்தின நாளே நீளமான பெயர்களைத் தேடிச் சுருக்கிவிடுங்கள், நகலெடுத்த பின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எடைமேடைக் கணினியில் விண்டோஸ் 7 ஓடுகிறது என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். இன்னும் பழைய எக்ஸ்பி கணினி, பழைய ஸ்கேனர் எதுவும் இருந்து "ஷேர் தெரியவில்லை" என்றால் ஃபோல்டர் பகிர்வின் பழைய முறையான எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிடு என்று இணையம் முழுக்க ஆலோசனை கிடைக்கும். செய்யாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான், அதற்கு மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்திருந்தும் போடாதவர்கள் மாட்டினார்கள். எடைமேடை மென்பொருள்காரரிடம் பேசிப் புதுக் கணினிக்கு மாற்றுங்கள், சீரியல் கேபிளுக்கான ஆர்எஸ்-232 போர்ட் இல்லாவிட்டால் யூஎஸ்பி மாற்றி போட்டால் போதும். மீதி 9 கணினியில் விண்டோஸ் 10 இருந்தால் அதற்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. சர்வருக்கு வைத்த காசில் ஒரு பகுதி அங்கே போவதுதான் நியாயம்.

நேரம் சின்ன விஷயம்தான், ஆனால் எடைச் சீட்டில் ஒரு மணி, பில்லில் வேறு மணி என்றால் ஆடிட்டர் முன்னால் அசடு வழிய வேண்டும். க்ரோனி சர்வரில் இருக்கிறதல்லவா, எல்லாக் கணினியும் அதனிடமே நேரம் கேட்கட்டும்.

பேக்கப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரெய்டு 1 பேக்கப் ஆகாது. ஒருவர் தவறுதலாக ஒரு வருடக் கொள்முதல் ஃபோல்டரை அழித்துவிட்டு "ரெய்டு இருக்கே சார், இன்னொரு டிஸ்கில் இருக்குமே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழிந்திருந்தது. டிஸ்க் செத்தால் ஆலை நிற்காமல் ஓட ரெய்டு, தரவு போனால் திரும்பி வர பேக்கப், இரண்டும் வேறு. உங்களுக்கு நான் சொல்வது: தினமும் ராத்திரி சர்வரிலேயே தனி டிஸ்க் ஒன்றுக்கு ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரல் வழியாக ஒரு பிரதி, தேதிவாரியாக. அந்த டிஸ்க் சாம்பாவில் யாருக்கும் தெரியக் கூடாது, ஏனென்றால் ரேன்சம்வேர் பிடித்த கணினி, தன் கண்ணுக்குத் தெரிகிற எல்லா ஷேரையும் பூட்டிவிடும். அப்புறம் இரண்டு யூஎஸ்பி டிஸ்க், வாரம் ஒன்று மாற்றி மாற்றி, ஆர்சிங்க் போட்டு முடித்ததும் ஒன்று எப்போதும் மாமா வீட்டு பீரோவில் இருக்க வேண்டும். திருட்டும் தீயும் ஆலையில் இருக்கிற எல்லாப் பிரதியையும் சேர்த்தே கொண்டுபோகும். மூன்றாவதாக டேலியும் எடைச்சீட்டும் மட்டும் மேகத்துக்கு, அதாவது இணையம் வழியாக வெளி நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்கு. உங்கள் பிராட்பேண்டில் அப்லோடு 20 எம்பிபிஎஸ் என்றால் முதல்முறை 20 ஜிபி ஏற இரண்டேகால் மணி நேரம் ஆகும், அப்புறம் தினமும் மாறியது மட்டும் போகும், சில நிமிடம்.

மேகத்துக்குப் போகும்போது இந்தியாவில் இருக்கிற சர்வரைத் தேர்ந்தெடுங்கள். ஆலை பிரைவேட் லிமிடெட் என்றால் இது சட்டமே. கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று கம்பெனிகளின் கணக்கு விதிகளில் 2022-ல் திருத்தம் வந்தது, திருத்தச் சுவடு அழியாத மென்பொருளும் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். பார்ட்னர்ஷிப் என்றால் அந்த விதிகள் உங்களைக் கட்டாது, ஆனால் ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் உண்டு. ஆறு வருடத்து ஸ்கேன் பில்லுக்கு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று டிஸ்க் வாங்குவதற்கு முன் கணக்குப் போடுங்கள்.

எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். வருடத்தில் ஒருமுறை, சீசனுக்கு முன்னால், டேலி முழுவதையும் வேறொரு கணினியில் திரும்ப ஏற்றி, கணக்காளரை உட்கார வைத்து நேற்றைய நிலுவை சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரெஸ்டிக்கின் கடவுச்சொல் தொலைந்தால் அந்தப் பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது, ஆகவே அது காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு, அந்த யூஎஸ்பி டிஸ்கோடு வேண்டாம், வீட்டில் வேறு இடத்தில்.

வெளியிலிருந்து பார்க்கும் வசதி மாமா கேட்பார். 3389 போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிட்டு ரிமோட் டெஸ்க்டாப் கொடுப்பதுதான் ஊரில் சாதாரணமாக நடக்கிறது, அது வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி, தட்டிப் பார்க்கிறவன் நிமிடத்துக்கு நிமிடம் வருவான். வயர்கார்டு என்ற விபிஎன் போடுங்கள், சின்னது, வேகமானது, 2020-லிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. போடுவதற்கு முன் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள், 100.64-லிருந்து 100.127-க்குள் இருந்தால் நீங்கள் பலரோடு ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள், வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது. ஒன்று பிராட்பேண்ட்காரரிடம் நிலையான ஐபி கேளுங்கள், அல்லது தனிப் பொது முகவரி இல்லாமலே இணைக்கிற டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றைப் போடுங்கள். கொட்டேஷனில் இருக்கிற ஃபயர்வால் பெட்டிக்கு வருடா வருடம் சந்தா கட்ட வேண்டுமா என்று கேளுங்கள், ஆமாம் என்றால் பத்துப் பேர் அலுவலகத்துக்கு நான் அதை வாங்க மாட்டேன்.

வேலையை எப்போது செய்வது என்பதுதான் கடைசி. பொங்கல் முடிந்ததும் எர்த், கேபிள், ஃபைபர், யூபிஎஸ் நான்கையும் முடியுங்கள். அப்போதே டேலி எவ்வளவு வேகமாகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் அதோடு பாதிப் புகார் நின்றுவிடும். மாசியில் சர்வர், ஒரு சனிக்கிழமை மாலை தரவை மாற்றி, ஞாயிறு முழுக்கச் சோதித்து, கணக்காளரின் பழைய கணினியில் இருக்கிற தரவை ஒரு மாதம் தொடாமல் படிக்க மட்டும் என்று பூட்டி வையுங்கள். பங்குனியில் பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆடி வரை எதிலும் கை வைக்காதீர்கள், புதுப் பதிப்பு, புது ஸ்விட்ச், எதுவும் ஆவணிக்குத் தள்ளிப் போகட்டும்.

கடைக்காரரிடம் திரும்பிப் போய், ரேக் சர்வருக்குப் பதில் டவர், ஃபயர்வால் நீக்கி யூபிஎஸ்ஸும் இரண்டு யூஎஸ்பி டிஸ்கும் சேர்த்து, ஃபைபரைத் தனியாக எழுதிப் புதுக் கொட்டேஷன் வாங்குங்கள். அதற்கு முன் இரண்டு எண் எனக்குச் சொல்லுங்கள், இப்போதைய டேலி ஃபோல்டர் எத்தனை ஜிபி, ஸ்கேன் பில்கள் வருடத்துக்கு எத்தனை ஜிபி சேர்கிறது. டிஸ்க் அளவு 2 டிபியா 4 டிபியா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.